எர்த் இல்லாத இரும்புக் குழாய்: நான் செய்த தவறும் அதைத் திருத்திய விதமும்

குழாயில் ஏதோ ஊர்கிறது என்று முதலில் சொன்னது அக்காதான். பின்சுவரில் தண்ணீர் மோட்டாருக்குப் போகும் ஒயரை ஓர் இரும்புக் குழாய்க்குள் விட்டிருந்தேன். அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள், "விரலை வைத்தால் ஒன்றும் இல்லை. மெல்ல இழுத்தால் மட்டும் சொரசொரவென்று நடுங்குகிறது" என்றாள்.

நான் நம்பவில்லை. அந்தக் குழாயைப் பொருத்தியவன் நான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் முழுவதையும் செலவழித்து, மட்டம் பார்த்து, குழாயைச் சுவரோடு பிடிக்கும் ஒவ்வொரு சேடில் பட்டையையும் ஒரே இடைவெளியில் திருகிய வேலை அது. பிளாஸ்டிக் குழாய் போதும் என்று சொன்னவர்களிடம், "இரும்பு என்றால் எலி கடிக்காது, மண்வெட்டி பட்டாலும் நசுங்காது" என்று வாதாடி வாங்கி வந்தது. அதில் குறை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

இருந்தாலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். மங்கலாக எரிந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையை பிளக்கின் எர்த் துளையிலும் வைத்தேன். 87 வோல்ட் காட்டியது. அக்காவுக்கு உடனே ஒரு சிறு வகுப்பு எடுத்தேன். ஒயரின் செம்பு ஓர் உலோகம், குழாய் இன்னொரு உலோகம், நடுவில் காப்பு உறை. இது ஒரு மின்தேக்கி மாதிரி. மாறுதிசை மின்சாரம் அதன் வழியே துளித்துளியாகக் குழாய்க்கு வருகிறது. மீட்டரின் உள்தடை மிக அதிகம் என்பதால் அந்தத் துளியையும் 87 வோல்ட் என்று காட்டுகிறது. ஆள் தொட்டால் பாய்வது ஒரு மில்லிஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மனித உடலுக்கு உறைக்கவே அரை மில்லிஆம்பியராவது வேண்டும். நீ சொல்லும் சொரசொரப்பு, உலர்ந்த விரலின் தோலை அந்த மின்புலம் நொடிக்கு நூறு முறை இழுத்து விடுவதால் வருவது. பயப்பட ஒன்றும் இல்லை.

இதில் ஒவ்வொரு வரியும் சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தப் பொய் வோல்ட்டேஜ் எனக்குச் சொல்ல வந்த செய்தியைக் கேட்கத் தவறிவிட்டேன். எர்த் செய்யப்பட்ட குழாயில் 87 வோல்ட் நிற்க முடியாது. அந்தத் துளி மின்சாரம் அப்போதைக்கப்போதே வடிந்துபோய், மீட்டரில் பூஜ்யம் வந்திருக்க வேண்டும். வந்த எண்ணுக்கு ஒரே அர்த்தம்தான்: இந்தக் குழாய் எதோடும் கட்டப்படாமல் அந்தரத்தில் தொங்குகிறது. காரணத்தை விளக்கத் தெரிந்த பெருமையில், அது எதைக் காட்டுகிறது என்று யோசிக்காமல் மீட்டரை அணைத்து வைத்துவிட்டேன்.

ஏழெட்டு வாரம் போயிருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது, ஈரக் கையோடு பக்கத்திலிருந்த தண்ணீர்க் குழாயை மூடக் குனிந்த அக்காவின் முன்கை அந்த இரும்புக் குழாயில் பட்டது. நான் ஓடி வந்தபோது சுவரை விட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போது என்ன சொல்லப் போகிறாய்?" என்றாள். தப்பித்ததற்குக் காரணம் காலில் இருந்த ரப்பர் செருப்பும், உள்ளங்கையால் பிடிக்காமல் முன்கை பட்டதும்தான். உள்ளங்கையில் பிடித்திருந்தால் பத்து மில்லிஆம்பியரை ஒட்டியே விரல்கள் இறுகிக்கொள்ளும். நினைத்தாலும் விட முடியாது. மெயினை அணைத்துவிட்டு அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் இசிஜி எடுத்தோம். ஷாக் அடித்த பின் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்பவர்களையும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. இதயத் துடிப்பில் கோளாறு வந்திருந்தால் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

திரும்பி வந்து, கையுறை போட்டுக்கொண்டு மெயினைப் போட்டு அளந்தேன். 228 வோல்ட். மங்கலாக எரிந்த டெஸ்டர் இப்போது பளிச்சென்று எரிந்தது. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் தானாக விழ வேண்டிய சுவிட்சான எம்சிபி, ஒன்றுமே நடக்காததுபோல மேல்நோக்கி நிமிர்ந்து நின்றது. அதன் மேல் வந்த கோபம் இருக்கிறதே! அது அநியாயமான கோபம் என்பது பிறகுதான் புரிந்தது.

வந்து பார்த்தவர் நாற்பது வருடமாக எலக்ட்ரீஷியன் வேலை செய்யும் ஒரு பெரியவர். முதலில் மோட்டார் இணைப்பை அணைத்தார். பிறகு தன் மீட்டரை வேறொரு இணைப்பில் வைத்து, மின்சாரம் இருக்கிறது என்று அது சரியாகக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டார். அடுத்து எங்கள் மோட்டார் இணைப்பில் வைத்தார், பூஜ்யம். மறுபடி பழைய இடத்தில் வைத்து மீட்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்த்தார். "மீட்டரின் பேட்டரி தீர்ந்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும், தம்பி" என்றார். அந்த மூன்று தொடுகையை அன்றிலிருந்து நான் தவறவிட்டதில்லை.

அடுத்த கேள்வி நேராக வந்தது: "இந்தக் குழாய்க்கு எர்த் எங்கே?"

"உள்ளே பச்சை ஒயர் போகிறதே, ஐயா. மோட்டார் உடம்பு வரைக்கும் எர்த் உண்டு."

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு முனையிலும் இருந்த பெட்டிகளைத் திறந்து காட்டினார். இரண்டும் பிளாஸ்டிக் பெட்டிகள். பச்சை ஒயர் தன் உறையோடு குழாய்க்குள் நுழைந்து, உறையோடே வெளியே வந்து, மோட்டாரில் போய் முடிந்திருந்தது. பதினெட்டு மீட்டர் தூரம் குழாய்க்குள்ளேயே பயணம் செய்தும், குழாயின் இரும்பை எந்த இடத்திலும் அது தொடவே இல்லை. குழாய் உலோகம், எர்த் ஒயர் அதற்குள்ளேயே இருக்கிறது, ஆகவே குழாய் எர்த் ஆகிவிட்டது என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போல நினைப்பவர்கள் குறைவாக இருக்க மாட்டார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பிறகு ஒயர்களை உருவினார். மோட்டார் பக்கத்துக் குழாய் வாயில் ஃபேஸ் ஒயரின் சிவப்பு உறை நகக்கீறல் போல ஒரு பக்கம் கிழிந்திருந்தது. ஓரம் கருகி, நடுவில் செம்பு மினுக்கியது. "விரலைக் குழாய் வாய்க்குள் விட்டுப் பார், மெதுவாக" என்றார். விட்டேன். ரம்பத்தால் அறுத்த உள்விளிம்பில் இரும்புப் பிசிறு அரைவட்டமாகப் பல்போல நின்றது. குழாயை அறுத்த அன்று வெளிவிளிம்பை மட்டும் அழகாக அரம் போட்டிருந்தேன், கண்ணுக்குத் தெரிகிற பக்கம் அதுதானே. ஒயரை இழுக்கும்போது ஓர் இடத்தில் சிக்கியதும், பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக இழுத்ததும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. காப்பு உறை அன்றே பாதி வெட்டுப்பட்டிருக்கும். மீதியை மோட்டார் முடித்துவிட்டது. அது ஒவ்வொரு முறை ஓடும்போதும் குழாய் முனை லேசாக அதிரும். அந்த அதிர்வில் பிசிறு இரண்டு வருடமாக உறையை அராவிக்கொண்டே இருந்திருக்கிறது.

மண்வெட்டியிலிருந்தும் எலியிலிருந்தும் காப்பாற்றப் போட்ட குழாயே ஒயரை வெட்டியது. வெட்டிய பின் அதன் மின்சாரத்தைத் தன் மேல் பூசிக்கொண்டு, யாராவது தொடட்டும் என்று காத்திருந்தது. பிளாஸ்டிக் குழாயாக இருந்திருந்தால் பிசிறு கொஞ்சம் மென்மையாக இருந்திருக்கும். கிழிந்தாலும் குழாயில் ஷாக் அடித்திருக்காது. இரும்பைத் தேர்ந்தெடுத்தால் அதற்கான வேலையையும் செய்தே ஆக வேண்டும். பாதி வேலை செய்த இரும்பை விட முழு வேலை செய்த பிளாஸ்டிக் எவ்வளவோ மேல்.

நான் அவசரக்காரன். "ஐயா, இங்கேயே ஒரு கம்பியை மண்ணில் அடித்து, குழாயை அதோடு கட்டிவிட்டால் போதாதா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கரித்துண்டை எடுத்துச் சுவரிலேயே கணக்குப் போட்டார். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து மண்ணில் அடித்த ஒற்றைக் கம்பிக்கு 20 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம்; உண்மையில் அதைவிட அதிகமாகவும் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்துக்கு ஒரு 3 ஓம். மொத்தம் 23. ஃபேஸ் குழாயைத் தொடுகிறது. 230 வோல்ட்டை 23-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். எங்கள் மோட்டாருக்கு இருந்தது 16 ஆம்பியர் எம்சிபி. பத்து ஆம்பியர் என்பது அதற்கு ஓர் அயர்ன் பாக்ஸும் கொஞ்சம் விளக்குகளும் ஓடுவது போலத்தான். நாள் முழுவதும் விழாமல் இருக்கும். அவ்வளவு நேரமும் குழாயில் எவ்வளவு வோல்ட்? 10 ஆம்பியர் பெருக்கல் 20 ஓம், 200 வோல்ட். மண்ணில் கம்பி அடித்து, கம்பியோடு குழாயைக் கட்டி, நிம்மதியாகத் தூங்கி எழுந்து தொட்டால் 200 வோல்ட்.

அடுத்த கணக்கு. எங்கள் வீட்டுக்கு வரும் இணைப்பில் எர்த் முனை மின்சாரம் தருகிற இடத்து நியூட்ரலோடு உலோகக் கம்பி வழியாகவே சேர்ந்திருக்கிறது. நடுவில் மண் இல்லை. குழாயை பச்சை ஒயரால் போர்டின் எர்த் பட்டையில் சேர்த்தால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு ஏழரை மில்லிஓம் வீதம் 18 மீட்டர் போய் வர 0.27 ஓம்தான் ஆகிறது. வெளிப்பக்கத்தையும் சேர்த்து 0.8 ஓம் என்று வைத்தால் பாயும் மின்சாரம் 287 ஆம்பியர். சி வகை எம்சிபி, தன் அளவைப் போல ஐந்து முதல் பத்து மடங்குக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் விழும்படி செய்யப்பட்டது. 16 ஆம்பியருக்கு அது அதிகபட்சம் 160. ஆகவே 287 வந்தால் பட்டென்று விழுந்தே தீரும். ஒயர் கிழிந்த அன்றே, யாரும் தொடும் முன்பே, மோட்டார் நின்றுபோய் ஏதோ கோளாறு என்று தெரிந்திருக்கும்.

எம்சிபி மேல் எனக்கு இருந்த கோபம் தீர்ந்தது இந்த இடத்தில்தான். குழாய் அந்தரத்தில் இருந்தபோது மின்சாரம் பாய வழியே இல்லை. பாயாத மின்சாரத்தை எம்சிபி எப்படிக் கண்டுபிடிக்கும்? வழி கிடைத்தது அக்காவின் கை வழியாக. அந்த வழியில் போனது ஒரு ஆம்பியரில் சின்னஞ்சிறு பகுதி. உயிரை எடுக்க அது போதும், எம்சிபியை அசைக்கப் போதாது.

வீட்டுக்கு வீடு எர்த் அமைப்பு மாறும். சில இடங்களில் மின்சாரம் தருபவர் எர்த் தருவதில்லை. வீட்டுக்காரர் அடித்த எர்த் கம்பிதான் எல்லாமே. அங்கே போர்டின் எர்த் பட்டையே மண் வழியாகத்தான் போகிறது என்பதால், பச்சை ஒயரைக் கட்டினாலும் முதல் கணக்குதான் பொருந்தும். அந்த வீடுகளில் மின்கசிவு வந்தால் விழும் சுவிட்சான 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் உலோகக் குழாய் போடவே கூடாது என்பது பெரியவரின் கட்சி. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பி வந்ததும் சமமா என்று மட்டும் அது பார்க்கும். வேறுபாடு 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் விழுந்துவிடும். பத்து ஆம்பியர் அதற்கு மலை போல. எர்த் இல்லாத குழாயிலும் ஆர்சிசிபி ஒருவரைக் காப்பாற்றலாம். ஆனால் அது விழுவது அவர் தொட்ட பிறகு. எர்த்தும் இருந்தால் ஒயர் கிழிந்த அன்றே, யாரும் தொடாமலே விழும். எங்களுக்குக் குழாயில் எர்த்தும் இல்லை, பழைய போர்டில் ஆர்சிசிபியும் இல்லை. ஆர்சிசிபியை எம்சிபிக்குப் பதிலாகப் போடக் கூடாது, கூடவே போட வேண்டும். அதிக மின்சாரம் போனால் நிறுத்தும் வேலையை அது செய்யாது.

இடையில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எதற்கு இவ்வளவு பாடு? குழாயை நியூட்ரலோடு கட்டிவிடுங்கள், எல்லாம் ஒன்றுதான்" என்றார். பெரியவர் அன்று முழுவதும் கோபப்பட்டது அப்போது மட்டும்தான். அந்த நியூட்ரல் வழியில் எங்காவது அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் சுருள் வழியாக வரும் ஃபேஸ் நேராகக் குழாயில் வந்து நிற்கும். எந்த ஒயரும் கிழியாமல், எந்தக் கோளாறும் இல்லாமலே குழாயில் முழு வோல்ட்டேஜ். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் அப்படித்தான். என்றோ ஒரு நாள் குழாய் வேலை செய்பவர் நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் மாற்றுவார், அன்றோடு எர்த் போய்விடும், யாருக்கும் தெரியாது. எரிவாயுக் குழாயை எர்த்தாகப் பயன்படுத்துவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

வேலையை மறுபடி முதலிலிருந்து செய்தோம். செய்தோம் என்றால், அவர் சொல்ல நான் செய்தேன். கூலி அவருக்கு, பாடம் எனக்கு.

குழாய் முனைகளை எல்லாம் உள்ளும் புறமும் அரம் போட்டேன். உள்பக்கத்துக்கு உருட்டு அரம். விரலை விட்டுச் சுற்றினால் தோலில் எதுவும் தட்டக் கூடாது. அவர் ஒரு பஞ்சுத் துணியைக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். ஓர் இழை சிக்கினாலும் மறுபடி அரம். அதற்கு மேல் ஒவ்வொரு முனையிலும் புஷ் மாட்ட வேண்டும். அந்தச் சின்ன வளையத்தைத் தேவையில்லாத அலங்காரம் என்று நினைத்துத்தான் முன்பு வாங்காமல் விட்டிருந்தேன். ஒயர் இரும்பின் விளிம்பில் படாமல் வழவழப்பான வளைவில் மடங்கி இறங்குவதற்காகவே அது.

பிளாஸ்டிக் பெட்டிகளை எடுத்துவிட்டு, உள்ளே எர்த் திருகு உள்ள இரும்புப் பெட்டிகளைப் போட்டோம். பெட்டியின் பெயிண்டும் மின்சாரத்தைத் தடுக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. குழாய் நுழையும் துளையைச் சுற்றி நட் உட்காரும் அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து, பெட்டிச் சுவரின் இரு பக்கமும் லாக் நட் போட்டு இறுக்கினோம். கையால் இறுக்கியது கணக்கில் சேராது, ஸ்பேனர் வேண்டும். சுரண்டிய இடமும் மரை வெட்டிய இடமும் துருப்பிடிக்கும் என்பதால் இறுக்கிய பின் வெளிப்பக்கம் துத்தநாகப் பெயிண்ட்.

பச்சை ஒயர் பற்றி அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. போர்டிலிருந்து வரும் எர்த் ஒயரைப் பெட்டியின் திருகில் சுற்றி, அதே திருகிலிருந்து மோட்டாருக்கு அடுத்த ஒயரை எடுப்பது என் வழக்கம். மோட்டாரைக் கழற்றும் ஒருவர் அந்தத் திருகைத் தளர்த்தினால் பெட்டிக்கும் குழாய்க்கும் எர்த் போய்விடும். அதனால் வரும் ஒயர், போகும் ஒயர், பெட்டிக்கு ஒரு சிறு துண்டு என்று மூன்றையும் ஓர் இணைப்பானில் சேர்த்து, துண்டின் மறுமுனையில் லக் என்னும் உலோக வளையத்தை அழுத்திப் பெட்டித் திருகில் தனியாகப் பூட்டினார். மோட்டார் போனாலும் குழாயின் எர்த் போகாது. ஒயரின் தடிமன் ஃபேஸ் ஒயருக்குச் சமம். வீட்டில் புழங்கும் அளவுகளில் அதைவிடக் குறைக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இரும்புக் குழாயே எர்த் ஆகாதா, பச்சை ஒயர் எதற்கு என்றும் கேட்டேன். ஆகும், ஒவ்வொரு இணைப்பும் இறுகியிருக்கும் வரை. மீட்டரால் அளந்து காட்டினார். முனையிலிருந்து முனைக்குத் தடை 4.6 ஓம், நடுவில் இரண்டு குழாய்த் துண்டுகளை இணைக்கும் ஒரு கப்ளருக்குள் துரு. 4.6 ஓமில் ஐம்பது ஆம்பியர்தான் பாயும், எம்சிபி உடனே விழாது. கப்ளரைக் கழற்றி மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து இறுக்கிய பின் 0.1-க்குக் கீழே வந்தது. இன்று சரி, அடுத்த மழைக்குப் பின்? அதனால்தான் பச்சை ஒயர் உள்ளே தொடர்ந்து போக வேண்டும், குழாயும் அதோடு இரு முனையிலும் கட்டப்பட வேண்டும். மோட்டார் பக்கம் கடைசி ஒரு முழத்துக்கு இருந்த சுருள் உலோகக் குழாயை அவர் எர்த்தாகக் கணக்கிலேயே எடுக்கவில்லை. வளைய வளைய அதன் மடிப்புகள் தளரும் என்று அதைத் தாண்டித் தனியாக ஒரு பச்சைத் துண்டு போட்டார்.

ஃபேஸும் நியூட்ரலும் எர்த்தும் ஒரே குழாயில் போக வேண்டும். இடம் போதவில்லை என்று ஃபேஸை ஓர் இரும்புக் குழாயிலும் நியூட்ரலை இன்னொன்றிலும் விடக் கூடாது. சேர்ந்து போனால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிரிந்தால் இரும்பில் சுழல் மின்சாரம் கிளம்பிக் குழாய் சூடாகும். குழாயின் உள்பரப்பில் ஒயர்கள் நாற்பது சதவீதத்துக்கு மேல் அடைக்காமல் இருந்தால் இழுப்பதும் எளிது, சூடும் வெளியேறும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நான்கு கால்வட்ட வளைவுகளுக்கு மேல் வைத்தால், என்னைப் போலப் பல்லைக் கடித்துத்தான் இழுக்க வேண்டியிருக்கும்.

புது ஒயர் இழுத்த பின், மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு ஒயர் உறையின் காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துச் சோதித்தார். ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. எங்களுக்கு மீட்டரின் எல்லையைத் தாண்டிப் போனது. சும்மா ஒப்பிட்டுப் பார்க்கக் கிழிந்த பழைய ஒயரை ஒரு துண்டுக் குழாய்க்குள் விட்டு அளந்தோம்: 0.02. மின்னணுக் கருவிகள் இணைந்திருக்கும்போது மெகர் போட்டால் அவை பொசுங்கிவிடும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். சில வீடுகளில் முழு வழிக்கும் குழாய் இருக்காது. வெளி உறையோடு கூடிய கேபிள் தரையிலிருந்து ஏறும் இடத்தில் மட்டும், கால் படாமல் இருக்க ஓரடி இரும்புக் குழாய் மாட்டியிருப்பார்கள். அதற்கும் எர்த் வேண்டுமா? அமெரிக்க தேசிய மின்விதித் தொகுப்பு, கேபிளைக் காக்க மட்டும் போட்ட இப்படிப்பட்ட சிறு துண்டுகளுக்கு எர்த் கட்டாயமில்லை என்று விலக்குத் தருகிறது. ஒயருக்கு இரண்டு உறை இருப்பதால் நியாயமான விலக்குதான். ஆனால் என் கணக்கு வேறு. கை எட்டும் உயரத்தில், ஈரம் படும் இடத்தில் இருந்தால் ஒரு கிளிப்பும் ஒரு பச்சைத் துண்டும் போட்டுக் கட்டிவிடுவேன்; கட்ட வழியில்லை என்றால் அந்தத் துண்டுக்குத் தடித்த பிளாஸ்டிக் குழாயே போதும். எர்த் இருக்கிறதோ இல்லையோ, இரு முனையிலும் புஷ் மட்டும் கட்டாயம்.

மழை தொடங்கியதும், போர்டில் புதிதாகப் போட்ட ஆர்சிசிபி விழ ஆரம்பித்தது. காலையில் விழும், மதியம் விழாமல் நிற்கும். இரண்டு நாள் பொறுத்த வீட்டார், "இதைத் தாண்டி ஒரு ஒயர் கொடுத்துவிடலாமே" என்றார்கள். பழைய நானாக இருந்தால் கொடுத்திருப்பேன். குழாயைத் திறந்து பார்த்தேன். வெயிலில் சூடாகி இரவில் குளிரும் குழாய்க்குள் ஈரக்காற்று படிந்து நீராகி, தாழ்வான வளைவில் தேங்கியிருந்தது. அந்த நீர் மோட்டார் பக்கத்துப் பெட்டிக்குள் இறங்கி இணைப்பானை நனைத்திருக்கிறது. ஒயர்களை வெளியே உருவிவிட்டு, தாழ்ந்த இடத்தில் அடிப்பக்கமாகச் சிறு துளையிட்டுப் பிசிறு நீக்கி, பெட்டியைக் குழாயை விட ஒரு சாண் மேலே ஏற்றினேன். அதன் பிறகு விழவில்லை. மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துவது இப்போது அக்காவின் பொறுப்பு. அவளே கேட்டு எடுத்துக்கொண்டாள்.

மீதமிருப்பது முன்னறையில் சுவருக்குள் புதைந்த பழைய குழாய். அதை அளந்தபோது 11 ஓம் வந்தது. எந்தக் கப்ளரில் துரு என்று சுவரை உடைக்காமல் தெரியாது. இப்போதைக்கு உள்ளே புதிதாகப் பச்சை ஒயர் இழுத்து இரு முனைப் பெட்டிகளையும் கட்டியிருக்கிறோம். இரண்டு பக்கத்திலிருந்தும் எர்த் கிடைப்பதால், துருப்பிடித்த கப்ளருக்கு இந்தப் புறமோ அந்தப் புறமோ ஒயர் கிழிந்தாலும் மின்சாரத்துக்கு வழி உண்டு. நடுவில் இரண்டு கப்ளர் விட்டுப்போயிருந்தால் அவற்றுக்கு இடையிலான துண்டுக்கு அந்த வழியும் இல்லை. அடுத்த முறை சுவருக்குப் பூச்சு போடும்போது உடைத்துப் பார்ப்பதாக இருக்கிறோம். அதுவரை அங்கே யாரும் ஆணி அடித்துவிடக் கூடாது என்று, குழாய் போகும் பாதை முழுவதும் அக்கா பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.